செ, ம

மண்டபம் வடக்குத் துறையில்
நைனா முகமது கம்பெனியில் எனக்கு வேலை
பெட்டிக்கு எழுத்துப் போடுவது.
சென்னைக்குப் போனால் ‘செ’.
மதுரைக்குப் போனால் ‘ம’.
நீல மார்க்கர், ஈரத் தெர்மாகோல்.
எழுதியதன்மேல் விரலை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன்.
அழிந்தால் மீனுக்கு ஊர் மாறிவிடும்.

நேற்று விசைப்படகுகள் வர
விடிகாலை மூன்றாகிவிட்டது.
அதுவரை இரண்டு லாரியும் பின்கதவைத் திறந்தபடி
கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றன.
ஓட்டுநர்கள் ஐஸ் மூட்டைமேல் சாக்கை விரித்து உட்கார்ந்து
ஆரம்பித்துவிட்டார்கள்.

“ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கூர்ல
கல்லுல இருந்து எலைக்கு நேரா பரோட்டா விழும்ணே.
ஒங்க ஊர்ல என்ன கெடைக்கும்?”
இது பூலோகபாண்டி, செல்லூர்.

“வேல கெடைக்கும்பா.
உங்காளுங்க பாதிப் பேரு அங்கதான கீறாங்க.”
இது ஏகாம்பரம், காசிமேடு.

“ஆத்துல தண்ணி இல்ல,
பாலம் மட்டும் வரிசையா கட்டி வச்சிருக்கீங்கோ.”

“ஒங்க ஆத்துல இருக்கே,
அதுக்குப் பேரு தண்ணியாண்ணே?
வாசல்ல கடல வச்சுக்கிட்டு
மீனுக்கு இம்புட்டுத் தூரம் வர்றீகளே, அதச் சொல்லுங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினார்கள்.
“ஜெசிந்தாக்கா, நீங்க சொல்லுங்க. எது ஊரு?”

இரண்டையும் எனக்கு ஒவ்வொரு தடவை அளவுக்குத் தெரியும்.
மதுரையில் பெரிய ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில்
பதினொரு ராத்திரி காலை நீட்டாமல் தூங்கியிருக்கிறேன்.
சென்னையில், தம்பியை யாழ்ப்பாணத்தில் பிடித்து வைத்திருந்தபோது
மனுவோடு ஒரு பகல் நின்றிருக்கிறேன்.
வாங்கியவர் தலை நிமிராமல் “ராம்நாடா?” என்றார்.
ஒரு கட்டின்மேல் போட்டார்.
கட்டு என் இடுப்புயரம் இருந்தது.

இதை வைத்து எந்த ஊருக்கு மார்க் போடுவது?
போகிற பெட்டிகளைத்தான் தெரியும், வருகிற பெட்டிகளையும்.
இங்கே சீலாவாக ஏறுவது
அங்கே வஞ்சிரமாக இறங்குகிறதாம்.
திரும்பி வருகையில்
‘செ’ பெட்டியிலும் ‘ம’ பெட்டியிலும்
ஒரே நாற்றம்.
கழுவ ஒரே நேரம் ஆகிறது.

இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
அதற்குள் பூலோகபாண்டி,
“இவுகளுக்கு என்னண்ணே, சண்டையே கிடையாது.
மண்டபமும் பாம்பனும் ஒரே ஊருதான,
நடுவுல கொஞ்சம் தண்ணி.”

கூடை தூக்குகிறவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.
“யாரு ஒரே ஊரு?”
“அவன் கருவாட்டுல மணல் கடிபடும்யா!”
அண்ணனுக்கு அங்கேதான் பெண் எடுத்தோம்,
ஆறு வருஷமாகக் குழம்பில் புளி அளவுக்கே
இன்னும் சமாதானம் வரவில்லை என்று
நானும் கத்தினேன். நானேதான்.

எங்களோடு சுமை தூக்கும் பாம்பன்காரர்
ராயப்பன் மட்டும் உட்கார்ந்தபடியே
பீடியைக் கல்லில் தேய்த்து அணைத்தார்.
“பாலத்துக்கு எங்க ஊர்ப் பேரு.
உங்க ஊர்ல அது ஆரம்பிக்குது,
அவ்வளவுதான்.”

ஆரம்பிக்காவிட்டால் நீர் எப்படி இங்கே வேலைக்கு வருவீர்
என்று கேட்டேன்.
காதில் விழாத மாதிரி கடலைப் பார்த்தார்.
அந்தப் பார்வைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போது படகு அணைந்தது.
முதல் தரம் ஏழே பெட்டி.
சென்னைக்கு நாலு, மதுரைக்கு மூன்று என்று
நைனா அலைபேசியில் சொன்னார்.
கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.
ஏழாவது பெட்டியில்
மார்க்கரை அழுத்தி, பெரிதாக,
ராயப்பன் பார்க்கட்டும் என்றே எழுதினேன்:

ம.

மண்டபம் என்று எழுதியது
எனக்கு மட்டும்தான் தெரியும்.
பூலோகபாண்டி மதுரை என்று வாசித்து
ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.
இந்நேரம் பரமக்குடி தாண்டியிருப்பான்.

சென்னைக்கு ஒரு பெட்டி குறைகிறது.
நைனா சம்பளத்தில் பிடிப்பார்.
பிடிக்கட்டும்.